கயிற்றுக்கு அந்தப் பக்கத்து வெடில்

மலை நாறத் தொடங்கிய அன்று யோகராணி முதலில் தன் கையைத்தான் முகர்ந்து பார்த்தாள்.

பிறகு சட்டைக் கழுத்தை இழுத்துப் பிடித்து உள்ளே முகர்ந்தாள், பிறகு பின்னலின் நுனியை, பிறகு குசினிக் கதவில் தொங்கிய துவாயை, பிறகு கணவனின் தலையணை உறையை, இப்படி அந்தச் சின்ன வீட்டில் முகரக்கூடிய எல்லாவற்றையும் முகர்ந்து முடித்து, எதிலும் ஒன்றும் பிடிபடாமல், ஆனாலும் குற்றம் தன்னுடையதுதான் என்ற முடிவோடு வாளியில் சுடுதண்ணீர் நிரப்பிச் சுவரைக் கழுவத் தொடங்கினாள். மலையை முகர்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? சாக்லேட் பெட்டியிலும் நாட்காட்டியிலும் பால் பக்கற்றிலும் அச்சடித்து உலகத்துக்கே காட்டிக்கொண்டிருக்கிற மலை அது. அந்த மலை நாறுகிறதா, அதன் காலடியில் ஓட்டல் நிலவறைக்கு மேலே குடியிருக்கிற பருத்தித்துறைக்காரி நாறுகிறாளா என்று கேட்டால், ஊரில் யாரும் என்ன பதில் சொல்வார்களோ அதையே அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஃபல்கன்மாட் என்ற அந்தச் சுவிஸ் ஊருக்குக் கோடையில் மாடுகள் வரும், குளிர்காலத்தில் பணக்காரர்கள் வருவார்கள். மாடுகளின் கழுத்தில் மணி கட்டியிருப்பதால் அவை எங்கே நிற்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். பணக்காரர்களுக்காக இரவிரவாக இயந்திரம் ஓட்டிப் பனியை உருட்டி, ஓரத்தில் வலை கட்டி, கம்பு நட்டு, விழுந்தால் தூக்க ஆளும் ஒடிந்தால் கட்ட வைத்தியரும் வைத்து அகலமான சறுக்குப் பாதைகள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது போதவில்லை. மலை உச்சியில், தொங்கு வண்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு கயிறும் கை நீட்டித் தடுக்கிற படம் போட்ட மஞ்சள் பலகையும் இருந்தன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் மிதிக்காத பெரிய சரிவு. ஊரின் மூத்தவர்கள் அங்கே மாடு மேய்த்ததில்லை, புல் அறுத்ததில்லை, அதற்கு ஒரு பெயர்கூட வைக்காமல் வெறுமனே ‘பின்பக்கம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பனி பெய்து விடிந்த காலைகளில் விருந்தாளிகள் அந்தக் கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைவதற்கு முண்டியடித்தார்கள். எதற்கு என்றால், முதல் கோடு போடுவதற்கு. யாருடைய காலும் படாத இடத்தில் தன் ஸ்கீ கட்டையால் ஒரு கோடு கிழித்து, கீழே வந்து திரும்பிப் பார்த்துப் படம் பிடித்துக்கொள்வதற்கு. நாய் கம்பத்தில் காலைத் தூக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோகராணிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவள் பிறந்த ஊரில் வேலி என்றால் வேலி. ஒரு வேலிக் கதியாலை அரை முழம் தள்ளி நட்டதற்காகச் சாவீட்டுக்குக்கூடப் போகாமல் நின்றுவிட்ட குடும்பங்களை அவளுக்குத் தெரியும்.

அந்த வருடம் தை மாதத்தில், பெரிய பனி ஒன்று பெய்து ஓய்ந்த காலையில், ஒரு கூட்டம் கயிற்றைத் தாண்டிச் சறுக்கி இறங்கியது. அவர்கள் கிழித்த கோடுகள் மூடவில்லை. வெட்டுப்பட்ட பனி முதலில் பல் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது, மத்தியானம் மஞ்சளானது, பின்னேரம் விளிம்புகளில் நீர் கட்டிக் கசியத் தொடங்கியது. அதன் மேல் திரும்பவும் பனி பெய்தது, சுற்றிலும் தங்கிய பனி அந்தக் கோடுகளில் மட்டும் தங்கவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகு அங்கிருந்து வெடில் நாற்றம் இறங்கி ஊருக்குள் வந்தது.

அது எப்படிப்பட்ட வெடில் என்று சொல்லத்தான் வேண்டும். வாரக்கணக்கில் மாற்றாத பூச்சாடித் தண்ணீர், சீழ் வைத்த பல், கட்டு மாற்றாத புண், இவை எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி வைத்துத் திறந்தால் வருகிறது போல ஒரு வெடில். மூக்கால் நுழைந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. பாணைக் கடித்தால் பாணுக்கு முன்னால் அதுதான் வாய்க்குள் வந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஓட்டல் குசினிகளிலும் சலவை அறைகளிலும் வேலை செய்த அந்த நான்கு குடும்பங்களும் நாற்றத்துக்குப் பயந்தே வாழப் பழகியவர்கள். சமைக்கும்போது போடுகிற உடுப்பு வேறு, வெளியே போகிற உடுப்பு வேறு. குளிர்காலச் சட்டைகளைப் பொலித்தீன் பையில் கட்டிப் படுக்கையறைக் கட்டிலுக்குக் கீழே வைப்பார்கள். தாளிதம் போட்டால் பிறகு சட்டியில் கோப்பித்தூளைக் கருக்கிப் புகை காட்டுவார்கள். கருவாடு பொரிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் யன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்தி, கதவின் கீழ் இடைவெளியில் ஈரத் துவாயைச் சுருட்டி அடைத்து. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனால், அவர் நண்பரைக் கண்டு போனாரா, தங்களில் மணந்ததால் போனாரா என்று அன்று முழுவதும் யோசிப்பார்கள். ஆகவே ஊர் நாறியதும் அந்த நான்கு வீட்டாரும் ஒருவரை ஒருவர் தொலைபேசியில் பிடித்தார்கள்.

“யோகம், குறை நினையாதை. நீ நேற்று ஏதும் பொரிச்சனியோ?” என்று சலவை அறையில் வேலை செய்யும் கமலி அக்கா கேட்டாள்.

“கொஞ்சமாத்தான் அக்கா. ரெண்டு துண்டு சீலா. யன்னலெல்லாம் பூட்டித்தான் பொரிச்சனான்.”

“நானும் நெத்தலி பொரிச்சனான்,” என்று கமலி அக்கா அழுகிற குரலில் சொன்னாள். “இனி வேண்டாம் எல்லாத்தையும் எறிவம். பிள்ளையளை நினைச்சாவது எறிவம்.”

மேலே பனிமலை சீழ் வடித்துக்கொண்டிருக்க, நான்கு வீட்டிலும் கருவாட்டை எறிந்தார்கள். பெருங்காயம், சரக்குத்தூள், ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் போயின. யோகராணியின் மச்சாள் பருத்தித்துறையிலிருந்து ஆள் மூலமாகக் கொடுத்துவிட்ட சீலாக் கருவாட்டை ஏழெட்டுப் பைகளில் சுற்றி, கணவன் நித்தியானந்தனிடம் கொடுத்து, ஊருக்கு வெளியே இருக்கிற குப்பைத் தொட்டியில் போட்டுவரச் சொன்னாள். நித்தியானந்தன் அதே ஓட்டலில் கோப்பை கழுவுகிறவன். கருவாடு இல்லாவிட்டால் சோற்றைச் சோறென்று ஒத்துக்கொள்ளாத மனிதன். பிள்ளையைத் தூக்குகிற மாதிரிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனவன் வெகுநேரம் கழித்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து மூன்று பேரும் பாணும் சீஸும் தின்றார்கள்.

மூன்றாவது ஆள் அவர்களுடைய மகள் சாம்பவி. இருபது வயது, அந்த ஊரிலேயே பிறந்தவள், நடக்கப் பழகிய கையோடு சறுக்கப் பழகியவள். அந்தக் குளிர்காலம்தான் ஸ்கீ பள்ளியில் சிவப்புச் சட்டை போட்டு விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அவள் வீட்டுக்குள் வரும்போதே மூக்கைச் சுருக்கினாள்.

“என்னட்டைப் படிக்கிற ஆக்கள் கேக்கினம் அம்மா, இது என்ன மணம் எண்டு. நான் என்ன சொல்ல? எங்கடை வீடு எண்டு சொல்லவோ?” என்று கேட்டாள்.

யோகராணி சுவரை இரண்டாம் தடவை கழுவினாள். தாய்க்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தில் மகள் சொன்னது நியாயமாகவே பட்டது.

கிழமை முடிவதற்குள் ஓட்டல் முதலாளி அம்மா ஃப்ராவ் ருஃபெனர் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் வாசனை மெழுகுவர்த்திகள் அடுக்கிய கூடை. மரியாதையான பெண். கோபித்துப் பேசி யாரும் கேட்டதில்லை. சிரித்த முகமாகவே சொன்னாள்: “யாரையும் குற்றம் சொல்லவில்லை, ராணி. ஆனால் விருந்தாளிகள் கேட்கிறார்கள். அடுத்த மாதத் திருவிழாக் கிழமைவரை பார்ப்போம். அதற்குள் இந்த மணம் போகாவிட்டால் இந்த வீட்டை நான் வேறு தேவைக்கு எடுக்க வேண்டி வரும்.”

வீடு போனால் என்ன ஆகும் என்று யோகராணிக்குத் தெளிவாகத் தெரியும். அந்த ஊரில் கோப்பை கழுவுகிறவர்களுக்கு வேறு வீடு கிடைக்காது. நித்தியானந்தன் சூரிச்சில் இருக்கிற தமையனிடம் போவான், அவள் பள்ளத்தாக்கில் எங்காவது அறை எடுக்க வேண்டும், சாம்பவி மலையை விட்டு வரமாட்டாள். அகதியாக வந்து, பிரிந்து, கூடி, வயதுபோன நேரத்தில் மூன்று பேர் ஒரு கூரைக்குக் கீழே ஒரே சட்டியில் தின்கிற வாழ்க்கை, மூக்கில் நுழைந்த ஒரு நாற்றத்தால் உடைந்து போகப் பார்த்தது. அவள் மெழுகுவர்த்திகளை வாங்கி, நன்றி சொல்லி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொளுத்தினாள். வீடு முழுக்க லவெண்டரும் சீழும் சேர்ந்து மணந்தன.

யோகராணியின் வேலை நிலவறையில். விருந்தாளிகள் பின்னேரம் கழற்றி எறிகிற ஸ்கீ சப்பாத்துகளை வாங்கி, உள்ளே இருக்கிற உறையை இழுத்து எடுத்து, சூட்டுக் காற்று வருகிற குழாய்களில் தலைகீழாகக் குத்திக் காயவிட்டு, விடியக் கொடுக்க வேண்டும். மந்திரிகள், வங்கிக்காரர்கள், நடிகைகள் என்று உலகத்துப் பெரிய மனிதர்களின் கால்கள் எப்படி மணக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போன சங்கதி. அவர்களில் ஒருவரும் தங்கள் கால் மணக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை, மன்னிப்பும் சொன்னதில்லை. அதையெல்லாம் ஊத்தை என்று நினைக்காமல் வேலை என்று நினைத்தவள்தான் அவள்.

அந்தப் பின்னேரம் ஒரு சோடிச் சப்பாத்தின் உறையை இழுத்தபோது அவளுக்கு ஓங்காளித்துக்கொண்டு வந்தது. கால் மணம் இல்லை. சப்பாத்தைப் பூட்டுகிற கொளுவிகளின் இடுக்கில் மஞ்சளாக, மூக்குச் சளி போல ஏதோ கட்டியிருந்தது. அடுத்த சோடியில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. குழந்தைகளின் சப்பாத்துகளில் இல்லை, வயதானவர்களுடையதில் இல்லை. மஞ்சள் கட்டியிருந்த சப்பாத்து ஒன்றின் சொந்தக்காரர் மறதியாக விட்டுப்போன கையுறையைத் தேடி வந்தபோது, இன்று எங்கே சறுக்கினீர்கள் என்று கேட்டாள். அவர் கண்ணடித்து, பெருவிரலைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் காட்டி, “சொர்க்கத்தில்,” என்றார்.

யோகராணி சப்பாத்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது நிம்மதி. நான் இல்லை, என்ரை கை இல்லை, என்ரை சட்டி இல்லை. அந்த நிம்மதி அவளைச் சின்னப்பிள்ளை மாதிரி அழவைத்தது. இரண்டாவதாகத்தான் கோபம் வந்தது, அது போகவே இல்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் படியேறி வரவேற்பு மண்டபத்துக்குப் போனாள். ஃப்ராவ் ருஃபெனர் பூக்களின் காம்பை நறுக்கிக்கொண்டு நின்றாள்.

“மணம் எங்களுடைய வீட்டிலிருந்து வரவில்லை. மலையின் பின்பக்கத்திலிருந்து வருகிறது,” என்றாள் யோகராணி.

“தெரியும்,” என்றாள் ஃப்ராவ் ருஃபெனர், ஒரு காம்பை நறுக்கியபடி.

“எப்போதிருந்து?”

“முதல் நாளே வழிகாட்டிகள் வந்து சொன்னார்கள். ஊர்ச்சபை கூடிப் பேசியது. கயிற்றை இறுக்கினால் விருந்தாளிகள் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்கள், ராணி. அதற்காகத்தானே அவர்கள் வருகிறார்கள்.”

“அப்படியானால் எங்களை ஏன்?”

“உங்களுடைய பெயரை நாங்கள் சொல்லவில்லை. விருந்தாளிகளே கேட்டார்கள், இங்கே வெளிநாட்டுச் சமையலா என்று. இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.” அவள் பூச்சாடியைத் திருப்பி வைத்து அழகு பார்த்தாள். “எல்லோருக்கும் ஒரு பதில் வேண்டும் இல்லையா?”

சீ என்று இருந்தது யோகராணிக்கு. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம், பொய் சொல்லியிருந்தால் பொய் என்று சொல்லியிருக்கலாம். இந்தச் சுத்தமான, நகம் வெட்டிய, சிரித்த உண்மையை என்ன செய்வது? வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் பயந்துபோய் யன்னலைச் சாத்தினான்.

“பொத்திக்கொண்டிரு. மலை நாறுது எண்டு நாங்கள் போய்ச் சொன்னால், நாங்கள்தான் அதுக்குள்ளை கருவாட்டைத் தாட்டனாங்கள் எண்டு சொல்லுவாங்கள்.”

இதற்குள் ஊர் வேறு ஒரு வேலையில் இறங்கியிருந்தது. நாற்றத்தை ஒளிக்க முடியாது என்று தெரிந்ததும் அதை வரவேற்கத் தொடங்கியது. முதலில் ஓட்டல்களில் சின்னம் பொறித்த மூக்குக் கவ்விகள் கொடுத்தார்கள். பிறகு பாரிஸிலிருந்து ஒரு வாசனைத் தைல நிபுணர் வந்து, கண்ணை மூடிப் பின்பக்கத்தை முகர்ந்து, இதில் ஆதி காலத்துப் பாறையும் காட்டு மிருகத்தின் மூச்சும் ஒரு சொட்டு மரணமும் இருக்கின்றன என்று சொன்னார். அந்த வாசகம் ஊரின் எல்லாப் பேருந்துகளிலும் எழுதப்பட்டது. சீஸ் கடைக்காரன் தன் சீஸை அந்தச் சரிவின் அடியில் வைத்து ஊறவிட்டு இரட்டை விலைக்கு விற்றான். பாதிரியார், படைப்பு எல்லாமே கடவுளின் சுவாசம் என்று பிரசங்கம் செய்தார். பாலர் பள்ளிப் பிள்ளைகள் மலையை மஞ்சள் நிறத்தில் கீறிப் பழகினார்கள். விருந்தாளிகள் முன்னைவிட அதிகமாக வந்து, கயிற்றுக்குக் கீழே வரிசையில் நின்று, முறை வைத்து நுழைந்து, அந்தக் கசிகிற கோடுகளுக்கு நடுவே இடம் பார்த்துத் தாங்களும் ஒரு கோடு கிழித்து, முழங்கால்வரை சீழ் தெறிக்கக் கீழே வந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து ஊளையிட்டார்கள். மூக்குக் கவ்விகள் வைக்கோல் மாதிரித் தெருவில் கிடந்தன, ஏனென்றால் திருவிழாக் கிழமை வரும் முன்பே யாருக்கும் அவை தேவைப்படவில்லை. ஊரின் மூக்கு செத்துவிட்டது. நாற்றம் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. அதை முழுசாக அனுபவித்தவர்கள், பயத்தால் ஒவ்வொரு நாளும் மூக்கைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்த அந்த நான்கு வீட்டார் மட்டும்தான்.

திருவிழாக் கிழமை வந்து போனது. வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. தப்பிவிட்டோம் என்று நித்தியானந்தன் சாமிப் படத்துக்கு விளக்கேற்றினான், சாம்பிராணி மட்டும் போடவில்லை.

அப்போதுதான் ஒரு பின்னேரம், காயவிட்ட சப்பாத்துகளின் வரிசையில், யோகராணி சாம்பவியின் சப்பாத்தை எடுத்தாள். உறையை இழுத்தாள். கொளுவி இடுக்கில் மஞ்சள்.

மகள் வரும்வரை அந்தச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“நீயுமோ?” என்று கேட்டாள்.

“எல்லாரும் போகினம் அம்மா. நான் கூட்டிக்கொண்டு போகாட்டி வேறை ஆள் கூட்டிக்கொண்டு போகும்.”

“வேலி பாஞ்சு போறதுக்கோ உன்னைப் பெத்தனான்?”

“அது வேலி இல்லை. கயிறு.” சாம்பவி சப்பாத்தைப் பிடுங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. “சின்னனிலையிருந்து என்ன சொல்லித் தந்தனீங்கள்? மணக்கும், தள்ளி நில். மணக்கும், உடுப்பை மாத்து. மணக்கும், சிநேகிதியளைக் கூட்டிக்கொண்டு வராதை. பள்ளிக்கூடத்திலை என்ரை சட்டையை நானே நூறு தரம் மணந்து பாப்பன். அங்கை, கயித்துக்கு அந்தப் பக்கம், எல்லாரும் ஒண்டாத்தான் நாறினம். ஒருத்தரும் என்னை மணந்து பாக்கேல்லை.”

அவள் போன பிறகும் யோகராணி இருந்த கதிரையை விட்டு எழும்பவில்லை. மகளில் மணந்த அந்தச் சீழ் வெடிலைவிட, தான் அவளுக்கு ஊட்டி வளர்த்தது எது என்று நினைக்கத்தான் அவளுக்குக் குமட்டியது.

பனிக்காலம் முடிகிற நேரம் ஊர்ச்சபை ஒரு திருநாள் அறிவித்தது. பின்பக்கத்துப் பனியைப் பெரிய செப்புக் கிடாரத்தில் அள்ளி, ஸ்கீ ஆசிரியர்கள் சிவப்புச் சட்டையோடு பந்தம் பிடித்துச் சறுக்கிக் கீழே கொண்டு வருவார்கள், ஊர் கூடி வரவேற்கும். அதற்கு முதல் நாள் ஃப்ராவ் ருஃபெனர் திரும்பவும் வாசலில் நின்றாள். இந்த முறை கூடை இல்லை, மூடி போட்ட ஒரு வாளி.

அவள் உள்ளே எட்டிப் பார்த்து முகர்ந்தாள். முகம் கோணியது.

“ராணி, இங்கே ஒரு மணம் அடிக்கிறது.”

“ஒன்றும் சமைக்கவில்லையே,” என்றாள் யோகராணி. உண்மைதான். அந்த வீட்டில் மாதக்கணக்காக ஒன்றுமே சமைக்கவில்லை. சுவரெல்லாம் கழுவிக் கழுவிப் பூச்சு உதிர்ந்திருந்தது.

“அதுதான். என்னவோ ஒரு வெறுமை. சவர்க்காரம் மாதிரி. விருந்தாளிகள் இந்தப் பக்கம் நடக்கும்போது தலை சுற்றுகிறது என்கிறார்கள். ஊர் முழுக்க ஒரு மாதிரி இருக்க, இங்கே மட்டும் வேறு மாதிரி இருந்தால் நல்லாயிருக்காது.” அவள் வாளியை வாசற்படியில் வைத்தாள். “பின்பக்கத்துப் பனி. நடுக்கூடத்தில் திறந்து வையுங்கள். கரைந்தால் வேறு தருகிறேன். இதைக்கூடச் செய்யாவிட்டால் வீட்டைப் பற்றி நாங்கள் பேச வேண்டி வரும்.”

அவள் போனதும் நித்தியானந்தன் வாளியைத் தூக்கப் போனான். “வைப்பமப்பா. பழகிடும். எல்லாருக்கும் பழகிட்டுதுதானே,” என்றான்.

“தொடாதையுங்கோ,” என்றாள் யோகராணி.

மூடியின் ஓரத்தால் மஞ்சளாகக் கசிந்து படியில் வழிந்தது. இத்தனை காலம் இல்லாத நாற்றத்துக்குச் சுவர் கழுவினாள், இப்போது இருக்கிற நாற்றத்தைத் தன் வீட்டு நடுவில் சாமி மாதிரி வைக்கச் சொல்கிறார்கள். அப்படியே படியில் உட்கார்ந்தவள், “ஒரு துண்டுக் கருவாடாவது இருந்திருந்தால்,” என்றாள், யாரிடமும் என்று இல்லாமல்.

நித்தியானந்தன் அவளைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான். பிறகு கீழே நிலவறைக்கு இறங்கிப் போய், யாரும் தேடி வராமல் அலுமாரியின் அடியில் கிடந்த ஒரு சோடி பெரிய ஸ்கீ சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குள் கையை விட்டு, ஏழெட்டுப் பைகளில் சுற்றிய பொதியை இழுத்தான்.

“எறிய மனம் வரேல்லை,” என்றான். “மச்சாள் தந்தது.”

குளிர்காலம் முழுக்கத் தன் மூக்குக்குக் கீழேயே, தான் வேலை செய்த நிலவறையிலேயே அது இருந்திருக்கிறது, விருந்தாளிகளின் கால் மணம் அதை மூடிவிட்டிருக்கிறது என்று விளங்கியதும் யோகராணி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் பின்னேரம் தெரு நிரம்பியிருந்தது. பந்தங்கள் மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி வந்தன, கிடாரம் வந்தது, வாத்தியக்காரர்கள் குழல் ஊதினார்கள், ஃப்ராவ் ருஃபெனர் வெள்ளைத் தொப்பி போட்டு முன்னால் நின்றாள், சாம்பவி சிவப்புச் சட்டையோடு பந்தம் பிடித்து நின்றாள். அந்த நேரத்தில் யோகராணி வீட்டு யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். படுக்கையறையில், கூடத்தில், குசினியில், இருபது வருடமாகத் திறக்காத குளியலறைச் சின்ன யன்னலையும் இடித்துத் திறந்தாள். கதவின் கீழ் இருந்த துவாயை எடுத்து எறிந்தாள். சட்டியை வைத்து, எண்ணெயை ஊற்றி, காய்ந்ததும் சீலாக் கருவாட்டை ஒரே தடவையில் போட்டாள். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டாள். வெளியே போகிற நல்ல சட்டையைத்தான் அன்று போட்டிருந்தாள்.

கருவாட்டு வெடில் யன்னலால் இறங்கித் தெருவுக்குள் போனது. உப்பும் கடலும் வெயிலும் கலந்த நேர்மையான வெடில் அது, தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளாது. முதலில் குழல் ஊதியவன் நிறுத்தினான். பாதிரியார் தும்மினார். பிறகு தெருவில் நின்ற அத்தனை பேரும் தும்மினார்கள், தும்மத் தும்ம அடைத்துக் கிடந்த மூக்குகள் திறந்தன, திறந்த மூக்குகளால் முதல் மூச்சை இழுத்தபோது அவர்களுக்கு வந்தது கருவாடு மட்டும் இல்லை. தங்கள் சட்டை, தங்கள் தலைமயிர், தங்கள் குழந்தையின் கன்னம், கையிலிருந்த சீஸ், நடுவில் மஞ்சளாக வழிகிற கிடாரம், ஒரு குளிர்காலத்துச் சீழ் முழுவதும் ஒன்றாக வந்தது. சீஸ் கடைக்காரன்தான் முதலில் சத்தி எடுத்தான். பிறகு தைல நிபுணர். பிறகு ஊர்ச்சபை. வங்கிக்காரர்கள் ஒருவரின் முதுகில் ஒருவர் சத்தி எடுத்தார்கள், நடிகைகள் மயிர்த்தோல் சட்டைக்குள் சத்தி எடுத்தார்கள், பளபளக்கும் அந்த மரவீட்டுத் தெரு முழுவதும் சூடான சத்தி ஓடிப் பனியை உருக்கியது. ஃப்ராவ் ருஃபெனர் முழங்காலில் விழுந்து, வெள்ளைத் தொப்பியைப் பிடித்தபடி வயிறு காலியாகும்வரை எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, மேலே திறந்திருந்த யன்னலைப் பார்த்தாள். கிடாரத்தைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. யன்னலைத்தான் கை நீட்டிக் காட்டினாள்.

“அவர்கள்தான்!” என்று கத்தினாள். “பாருங்கள், அவர்கள்தான்!”

யோகராணி யன்னலைச் சாத்தவில்லை. அவள் எதிர்பார்த்ததுதான். சோற்றைக் கோப்பையில் போட்டு, கருவாட்டை அள்ளி வைத்து, கணவனுக்கு முன்னால் வைத்தாள்.

படியில் காலடி கேட்டது. சாம்பவி வாசலில் நின்றாள். சிவப்புச் சட்டை முன்பக்கம் முழுக்கச் சத்தி. பந்தம் கையில் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, என்னிலை மணக்குது,” என்றாள்.

“ஓம்,” என்றாள் யோகராணி. “குளிச்சிட்டு வா. சோறு போடுறன்.”

மறுநாள் காலை, அன்றைக்கே வீட்டை விடச் சொன்னார்கள். திருநாளைக் கெடுத்த நாற்றத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஊர்ச்சபை விருந்தாளிகளுக்கு அறிவித்தது. தெருவைக் கழுவினார்கள். மத்தியானத்துக்குள் ஊரின் மூக்கு திரும்பவும் செத்துவிட்டது. மேலே கயிற்றடியில் வரிசை பழையபடி நீண்டது.

பள்ளத்தாக்குக்கு இறங்குகிற பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். எங்கே போகிறார்கள் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை, மூன்று பேரும் போகிறார்கள் என்பது மட்டும் தீர்மானமாகியிருந்தது. சிவப்புச் சட்டை நிலவறையில் சூட்டுக் குழாயில் தொங்கியது. சோறு அவிக்கிற பானையைச் சாம்பவி மடியில் வைத்திருந்தாள். முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, மூக்கைப் பொத்தி, எழுந்து பின்னால் போனாள்.

யோகராணி தன் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். கருவாடு. நேற்றுச் சாப்பிட்ட பிறகு அவள் கையைத் தண்ணீரில் மட்டும் அலம்பியிருந்தாள், சவர்க்காரம் போடவில்லை. பக்கத்தில் இருந்த மகளிடம் கையை நீட்டினாள். சாம்பவி அந்தக் கையைப் பிடித்து, பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மூக்கோடு வைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள்.